மேசைக் கணினியில் விசிறிகளை இணைத்தலும் வேகத்தைக் கட்டுப்படுத்தலும்

அண்மையில் உறவினர் ஒருவர் தம் மேசைக் கணினியைக் கொண்டுவந்து வைத்து, வாங்கிய நாளிலிருந்தே அது ஓயாமல் இரைகிறது என்றும், கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பழுதாகியிருக்கலாம் என்றும் சொன்னார். கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு குறையும் தென்படவில்லை. முன்புறத்து மூன்று விசிறிகளும் மதர்போர்டைத் தொடாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரத்தை மட்டும் கொண்டுவரும் மோலெக்ஸ் கனெக்டரில் நேராகச் செருகப்பட்டிருந்தன. பின்புறத்து விசிறி மதர்போர்டில்தான் இருந்தது. ஆனால் மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடமான பயாஸில் அந்த விசிறிக்குப் பொருந்தாத முறை தேர்வாகியிருந்தது. அதனால் கணினி சும்மா இருக்கும்போதும் நான்கு விசிறிகளும் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. ஓர் இணைப்பை மூன்று கிளைகளாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர் கம்பியும் ஒரு மணி நேரமும் மட்டுமே அந்த இரைச்சலை அடக்கப் போதுமானவையாக இருந்தன. விசிறியைச் செருகிச் சுழலவைப்பது எளிது. எந்த வெப்பநிலையைப் பார்த்து அது தன் வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் கவனம் தேவைப்படுகிறது.

கம்பிகளின் கணக்கு

விசிறியிலிருந்து எத்தனை கம்பிகள் வருகின்றன என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் அவை 12 வோல்ட்டும் தரையும் (கிரவுண்ட்). அந்த விசிறி எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று கணினிக்குத் தெரிய வழியில்லை. மூன்றாவது கம்பி சுழற்சியைத் தெரிவிப்பதற்கு உரியது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றும்போது இக்கம்பி வழியே இரண்டு துடிப்புகள் செல்லும். அவற்றை எண்ணித்தான் மதர்போர்டு நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று திரையில் காட்டுகிறது. நான்காவது கம்பி இருந்தால் அது பிடபிள்யூஎம் எனப்படும் கட்டளைக் கம்பி. இன்டெல் 2004ஆம் ஆண்டு எல்ஜிஏ 775 சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது பிராசசர் விசிறிகளில் பரவத் தொடங்கிய இந்த முறை இன்று கேபினெட் விசிறிகளிலும் வழக்கமாகிவிட்டது.

மூன்று கம்பியுள்ள 3 பின் விசிறிக்கும் நான்கு கம்பியுள்ள 4 பின் விசிறிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, வேகத்தைக் குறைக்கும் விதத்தில் இருக்கிறது. 3 பின் விசிறியின் வேகத்தைக் குறைக்க அதற்குச் செல்லும் மின்னழுத்தத்தையே குறைக்க வேண்டும். இதை பயாஸ்கள் டிசி முறை என்று குறிப்பிடுகின்றன. 4 பின் விசிறிக்கு 12 வோல்ட் எப்போதும் குறையாமல் செல்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 25,000 முறை ஏறி இறங்கும் ஒரு குறிகை நான்காவது கம்பியில் வந்து, ஒவ்வொரு சுழற்சியிலும் எத்தனை விழுக்காட்டு நேரம் மோட்டாருக்கு மின்சாரம் தரலாம் என்று விசிறிக்குள்ளிருக்கும் சிறு சுற்றுக்குச் சொல்கிறது. இந்த அதிர்வெண் மனிதக் காது கேட்கும் எல்லையைத் தாண்டியது என்பதால் அந்தத் துடிப்பின் ஓசை நமக்கு எட்டுவதில்லை. கட்டளைக் கம்பியில் எதுவுமே வராவிட்டால் 4 பின் விசிறி முழு வேகத்தில் சுழலும். கட்டுப்பாடு அறுந்துபோனால் சத்தம் கூடலாம், வெப்பம் கூடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது.

இவ்வளவு தெரிந்துகொண்டால் எதை எதில் செருகலாம் என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விசிறியைச் செருகுவதற்கென்று மதர்போர்டில் இருக்கும் 4 பின் ஹெடரில் முதல் மூன்று பின்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நிற்கும். 3 பின் கனெக்டர் அதனோடு பொருந்தி ஒரே ஒரு விதத்தில்தான் உள்ளே செல்லும், நான்காவது பின் வெறுமனே வெளியே நிற்கும். இவ்வாறு செருகுவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஹெடர் பிடபிள்யூஎம் முறையில் இருந்தால், மதர்போர்டு அனுப்பும் கட்டளை யாரும் கேட்காத நான்காவது பின்னில் போய்க்கொண்டிருக்கும். விசிறியோ 12 வோல்ட்டையும் வாங்கிக்கொண்டு முழு வேகத்தில் சுழலும். உறவினரின் பின்புற விசிறிக்கு நேர்ந்தது இதுதான். ஹெடரை டிசி முறைக்கு மாற்றிய அடுத்த விநாடியே அதன் வேகம் இறங்கியது. பல பயாஸ்களில் தானாகக் கண்டறியும் 'ஆட்டோ' முறையும் உண்டு. அது சில விசிறிகளைத் தவறாக அடையாளம் காண்பதால், முறையை நாமே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது.

கம்பிகளின் நிறத்தை நம்ப வேண்டாம். மஞ்சள் கம்பி சில விசிறிகளில் 12 வோல்ட். வேறு சிலவற்றில் சுழற்சியைத் தெரிவிப்பது. எல்லாவற்றுக்கும் கறுப்பு உறை போட்ட விசிறிகளும் ஏராளம். கனெக்டரில் பின்கள் இருக்கும் வரிசைதான் மாறாதது: தரை, 12 வோல்ட், சுழற்சி, கட்டளை.

எந்த ஹெடர், எத்தனை விசிறி

பிராசசரின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் உலோகத் தொகுதியான ஹீட் சிங்க் மேலிருக்கும் விசிறியை 'சிபியு ஃபேன்' என்று எழுதியிருக்கும் ஹெடரிலேயே செருக வேண்டும். அந்த ஹெடரில் சுழற்சி தெரியவில்லை என்றால் பல மதர்போர்டுகள் எச்சரிக்கை காட்டி, கணினி மேற்கொண்டு தொடங்காமல் நின்றுவிடும். திரவக் குளிர்விப்பான் வைத்திருப்பவர்கள் அதன் பம்பை, இருந்தால் 'பம்ப்' என்று குறித்த ஹெடரில் கொடுத்து, குளிர்விப்பான் தயாரித்தவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி முழு வேகத்தில் ஓட விட வேண்டும். ரேடியேட்டரின் விசிறிகளை 'சிபியு ஃபேன்' ஹெடரில் கொடுக்கலாம். மற்ற ஹெடர்கள் 'சிஸ்டம் ஃபேன்' அல்லது 'சேசிஸ் ஃபேன்' என்பவற்றின் சுருக்கப் பெயர்களைத் தாங்கி மதர்போர்டின் ஓரங்களில் சிதறிக் கிடக்கும்.

ஒரு ஹெடர் வழக்கமாக 1 ஆம்பியர், அதாவது 12 வாட் வரை தாங்கும். விசிறியின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளில் அது இழுக்கும் ஆம்பியர் அச்சிடப்பட்டிருக்கும். 0.2 ஆம்பியர் என்றிருக்கும் மூன்று விசிறிகளை ஒரே ஸ்பிளிட்டரில் சேர்த்தால் 0.6 ஆம்பியர் ஆகிறது. நின்றிருக்கும் விசிறி கிளம்பும் கணத்தில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால், கணக்கில் இன்னும் இடம் இருப்பதுபோலத் தோன்றினாலும் மூன்றோடு நிறுத்திக்கொள்வதே என் வழக்கம். அதற்கு மேல் தேவைப்பட்டால், மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ்ஸின் சாட்டா கனெக்டரிலிருந்தும் கட்டளையை மட்டும் மதர்போர்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் ஃபேன் ஹப் ஒன்றைப் பொருத்தலாம். இத்தகைய ஹப்களில் பெரும்பாலானவை பிடபிள்யூஎம் கட்டளையை மட்டுமே கடத்துகின்றன. 3 பின் விசிறியை அதில் மாட்டினால் அது முழு வேகத்திலேயே ஓடும்.

ஸ்பிளிட்டரைக் கூர்ந்து பார்த்தால், ஒரே ஒரு கிளையில்தான் சுழற்சிக் கம்பி இருக்கும், மற்றவற்றில் அந்த இடம் காலியாக இருக்கும். மூன்று விசிறிகள் ஒரே நேரத்தில் தம் சுழற்சியைச் சொன்னால் மதர்போர்டு குழம்பிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகையால் ஒரே ஸ்பிளிட்டரில் ஒரே மாதிரியான விசிறிகளையே சேர்க்க வேண்டும். 3 பின்னையும் 4 பின்னையும் கலந்து மாட்டினால் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒன்று சரியாக நடக்காது. சுழற்சிக் கம்பி இல்லாத கிளையிலுள்ள விசிறி நின்றுபோனாலும் திரையில் எந்த அறிகுறியும் வராது என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உறவினரின் முன்புற விசிறிகளில் மோலெக்ஸ் கனெக்டரோடு 3 பின் கனெக்டரும் சேர்ந்தே இருந்தது. இவ்வாறு இரண்டும் இருக்கும் விசிறிகளில் ஏதேனும் ஒன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டுவது மதர்போர்டின் 12 வோல்ட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட்டையும் விசிறி வழியாக ஒன்றோடொன்று பிணைப்பதாகும். குறைந்த விலைக் கேபினெட்டுகளோடு வரும் வண்ண விளக்கு விசிறிகள் சில, 6 பின் கனெக்டரோடும் ஒரு தனிப் பெட்டியோடும் ரிமோட்டோடும் வருகின்றன. அந்த 6 பின் அமைப்புக்குப் பொதுவான தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் விசிறியை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் மாட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். விளக்குகளுக்கென்று தனிக் கம்பி வரும் விசிறிகளிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: மூன்று பின்னுள்ள ஏஆர்ஜிபி விளக்கு 5 வோல்ட்டில் எரிவது, நான்கு பின்னுள்ள சாதாரண ஆர்ஜிபி 12 வோல்ட்டில் எரிவது, முன்னதை வற்புறுத்திப் பின்னதன் ஹெடரில் திணித்தால் விளக்குகள் கருகிப்போகும்.

பொருத்துதல்

கணினியை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சையும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மீதமுள்ள மின்சாரத்தை வடியவிட வேண்டும். கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுவது நல்லது.

காற்று எந்தப் பக்கம் போகும் என்பதை விசிறியே சொல்லிவிடும். மோட்டாரைத் தாங்கும் நான்கு குறுக்குக் கால்கள் எந்தப் பக்கம் தெரிகின்றனவோ அந்தப் பக்கமாகக் காற்று வெளியேறும். (கால்கள் முன்னால் தெரியாமல் அழகாக இருக்கட்டும் என்று எதிர்த்திசையில் சுழலும்படி செய்த விசிறிகளும் இப்போது விற்கப்படுகின்றன, ஐயம் வந்தால் ஓடும் விசிறியின் முன் மெல்லிய தாள் ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.) முன்புறமும் அடிப்பக்கமும் உள்ளே இழுக்க, பின்புறமும் மேற்பக்கமும் வெளியே தள்ளுவதே வழக்கமான அமைப்பு. சூடான காற்று தானாக மேலே எழும் என்பதைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். விசிறிகள் தள்ளும் காற்றின் முன் அந்த இயற்கை எழுச்சி மிகச் சிறியது. உள்ளே வரும் காற்று, வெளியே தள்ளப்படும் காற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்குமாறு பார்த்துக்கொள்வதே அதைவிடப் பயன் தருவது. அப்போது கேபினெட்டின் இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் போகும். தூசி வடிகட்டி உள்ள முன்புறம் வழியாக மட்டுமே உள்ளே வரும். சன்னலைத் திறந்துவைத்தே புழங்கும் நம் வீடுகளில் இதன் பயன் மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்.

120 மில்லிமீட்டர் விசிறியின் ஸ்குரூ துளைகளுக்கு இடையே 105 மில்லிமீட்டர் தூரமும், 140 மில்லிமீட்டர் விசிறியில் 124.5 மில்லிமீட்டர் தூரமும் இருக்கும். கம்பிகளை இறக்கைகளில் படாமல் பின்பக்கமாக இழுத்துக் கட்டிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்த 'டக டக' ஓசை பெரும்பாலும் இறக்கையில் உரசும் கம்பியாகவே இருக்கும்.

பயாஸில் செய்ய வேண்டியவை

கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் நுழைய வேண்டும். விசிறிக்கான பக்கத்தை ஆசுஸ் 'கியூ-ஃபேன்' என்றும், ஜிகாபைட் 'ஸ்மார்ட் ஃபேன்' என்றும், எம்எஸ்ஐ 'ஹார்டுவேர் மானிட்டர்' என்றும், ஆஸ்ராக் 'ஃபேன்-டாஸ்டிக் டியூனிங்' என்றும் அழைக்கின்றன. பெயர் எதுவானாலும் ஒவ்வொரு ஹெடருக்கும் அங்கே கேட்கப்படுபவை மூன்று: டிசியா பிடபிள்யூஎம்மா, எந்த வெப்பநிலையைப் பின்பற்ற வேண்டும், எத்தனை டிகிரியில் எவ்வளவு வேகம்.

எத்தனை டிகிரியில் எவ்வளவு வேகம் என்று காட்டும் வளைகோட்டை வரைவதற்கு முன் அந்த விசிறியின் கீழ் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். வேகத்தை ஐந்து ஐந்து விழுக்காடாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அது நின்றுவிடும். நின்ற விசிறியை மீண்டும் கிளப்ப, ஓடிக்கொண்டிருந்த விசிறியை ஓட்டத் தேவைப்பட்டதைவிடக் கூடுதல் விசை வேண்டும். ஆகவே மறுபடி ஏற்றிக்கொண்டே போய், அது தானாகக் கிளம்பும் விழுக்காட்டைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே கீழ் எல்லையை வைக்க வேண்டும். டிசி முறையில் பல விசிறிகள் 5 வோல்ட்டுக்கு அருகில் தடுமாறத் தொடங்கும். கிளம்ப முயன்று, ஒரு துள்ளு துள்ளி, மீண்டும் நிற்கும் விசிறியைக் கண்டால் கீழ் எல்லை போதவில்லை என்று பொருள்.

பிராசசர் விசிறிக்கு நான் தொடங்கும் புள்ளிகள் இவை: 40 டிகிரியில் 30 விழுக்காடு, 60 டிகிரியில் 45, 75 டிகிரியில் 70, 85 டிகிரியில் 100. ஓர் உலாவிச் சாளரத்தைத் திறந்தாலே இன்றைய பிராசசரின் வெப்பநிலை ஒரு விநாடியில் 15 அல்லது 20 டிகிரி தாவி, அடுத்த விநாடி இறங்கிவிடும். அந்தத் தாவல் பிராசசர் சில்லின் வெப்பமே அன்றி அறையின் காற்றுக்கு வந்து சேர்ந்த வெப்பம் அன்று. ஒவ்வொரு தாவலுக்கும் விசிறி பதில் சொன்னால் 'ஊ... ஊ...' என்று ஏறி இறங்கும் சத்தம் நிலையான இரைச்சலைவிட எரிச்சலூட்டும். எனவே 60 டிகிரி வரை கோட்டை மெதுவாக மட்டுமே ஏற விட்டு, பயாஸில் 'ஸ்டெப் அப்', 'ஸ்மூதிங்' போன்ற பெயர்களில் இருக்கும் தாமதத்தைச் சில விநாடிகளுக்கு உயர்த்திவிட வேண்டும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் உயர்நிலை பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்கு மேற்சொன்ன கோட்டை வைத்தால் சுமை வரும்போதெல்லாம் விசிறி அலறும். 90 டிகிரிக்கு மேலும் 70 அல்லது 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டால் செயல்திறனில் பெரிய இழப்பு இராது.

கேபினெட் விசிறிகளை என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலான கணினிகள் தவறிப்போகின்றன. தொடக்க நிலையில் அவையும் பிராசசரின் வெப்பநிலையையே பின்பற்றுமாறு வைக்கப்பட்டிருக்கும். கேபினெட் விசிறியின் வேலை உள்ளிருக்கும் காற்றை மாற்றுவது. அக்காற்றோ நிமிடக் கணக்கில் மெதுவாகச் சூடேறுவது. விநாடிக்கு விநாடி தாவும் பிராசசரைப் பார்த்து அது ஏன் ஆட வேண்டும்? ஆகவே அவற்றின் மூலத்தை 'மதர்போர்டு' அல்லது 'சிஸ்டம்' வெப்பநிலைக்கு மாற்றி, 35 டிகிரியில் 30 விழுக்காடு, 45 டிகிரியில் 60, 55 டிகிரியில் 100 என்று குறுகிய எல்லைக்குள் கோட்டை வரைவது பொருத்தமாக இருக்கும்.

இந்த எண்களை மார்கழிக் குளிரில் வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. பிராசசர் அறையைவிட இத்தனை டிகிரி கூடுதலாக இருக்கும் என்ற வேறுபாட்டை மட்டுமே அதனால் குறைக்க முடியும். குளிரூட்டி இல்லாத ஓர் அறை அக்னி நட்சத்திரத்தில் 36 அல்லது 37 டிகிரியில் இருக்கும்போது, சும்மா இருக்கும் மதர்போர்டே 45 டிகிரியைத் தாண்டக்கூடும். இணையத்தில் குளிர்நாட்டவர் பகிரும் வளைகோடுகளை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் கணினி கோடை முழுவதும் இரைவதற்கு இதுவே காரணம். நான் மே மாதத்தில் அளந்த எண்களை வைத்துக் கோட்டை ஏறக்குறைய 5 டிகிரி வலப்பக்கம் நகர்த்தி, ஆண்டு முழுவதும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு என்னும் இடைவெளி

விளையாட்டு ஆடுபவர்களின் கணினியில் அதிக வெப்பத்தை உமிழ்வது கிராபிக்ஸ் கார்டுதான். பெரும்பாலான பயாஸ்களுக்கோ அதன் வெப்பநிலை தெரியாது. விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் 'ஃபேன் கன்ட்ரோல்' என்னும் மென்பொருள் இந்த இடைவெளியை நிரப்புகிறது. அதில் பிராசசருக்கு ஒரு கோடும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு கோடும் வரைந்து, இரண்டில் எது கூடுதலோ அதையே கேபினெட் விசிறி பின்பற்றுமாறு கலவை ஒன்றை அமைக்கலாம். லினக்ஸில் 'எல்எம்-சென்சார்ஸ்' தொகுப்பை நிறுவி, 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளையால் மதர்போர்டின் உணரிச் சில்லை அடையாளம் கண்டபின், 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்' கட்டளை ஒவ்வொரு விசிறியையும் நிறுத்திப் பார்த்து எந்த வெளியீடு எந்த விசிறிக்குரியது என்று கேட்டறிந்து எழுதிக்கொள்ளும். பிறகு 'ஃபேன்கன்ட்ரோல்' சேவை அதன்படி இயக்கும். மதர்போர்டு நிறுவனத்தின் மென்பொருளையும் இவற்றையும் ஒரே நேரத்தில் ஓட விடக் கூடாது; ஒரே சில்லுக்கு இருவர் கட்டளையிட்டால் விசிறியின் வேகம் காரணமில்லாமல் அலைபாயும். மென்பொருள் ஏற்றப்படும் வரையிலும், அது நின்றுபோனாலும் விசிறிகளை நடத்த வேண்டியது பயாஸ் என்பதால், அதில் பாதுகாப்பான ஒரு கோட்டை எப்போதும் விட்டுவைக்க வேண்டும்.

வேகத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள தொடர்பு நேர்விகிதமானது அன்று. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்று பாதியாகும். கணக்குப்படி சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். அதே மாதிரி இன்னொரு விசிறியைச் சேர்த்தால் 3 டெசிபெல்தான் ஏறும். வேகமாக ஓடும் ஒன்றைவிட மெதுவாக ஓடும் இரண்டு மேலானவை என்பதன் பொருள் இதுதான்.

சோதித்தலும் பழுது பார்த்தலும்

பக்கப் பலகையை மூடி, வழக்கமாகச் செய்யும் கனமான வேலை ஒன்றை இருபது நிமிடம் ஓடவிட்டு, அறை வெப்பநிலையோடு சேர்த்து எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்; ஐந்து நிமிடச் சோதனையில் கேபினெட்டுக்குள் காற்று முழுமையாகச் சூடேறியிருக்காது. பின்னர் கேபினெட்டின் முன்பலகையை மட்டும் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்து, வெப்பநிலை கணிசமாக இறங்கினால், குறை விசிறியில் இல்லை, மூச்சுவிட இடம் தராத முன்பலகையில் அல்லது அடைபட்ட வடிகட்டியில் இருக்கிறது. உறவினரின் கணினியில் வடிகட்டியைக் கழுவியதே 4 டிகிரியைக் குறைத்தது.

விசிறி சுழன்றும் திரையில் 0 என்று காட்டினால், அது ஸ்பிளிட்டரின் சுழற்சிக் கம்பி இல்லாத கிளையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வேகம் குறையவே இல்லை என்றால் முறை தவறியிருக்கும், அல்லது கம்பி எங்கோ மோலெக்ஸில் போய்ச் சேர்ந்திருக்கும். குளிர்ந்த காலையில் மட்டும் கரகரத்து, சற்று நேரத்தில் அடங்கும் ஓசை பேரிங் தேய்ந்ததன் அடையாளம். மேற்கூரையில் படுக்கைவாட்டில் பொருத்திய மலிவான ஸ்லீவ் பேரிங் விசிறிகளில் இது சீக்கிரம் வந்துவிடும். எண்ணெய் விட்டுச் சில வாரங்கள் ஓட்டலாம், ஆனால் மாற்றுவதற்குத்தான் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

தூசியைப் புளோவரால் ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால் காற்றின் விசையில் விசிறி தன் எல்லையை மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுப்பதோடு, தானே ஒரு சிறு ஜெனரேட்டராகி மதர்போர்டின் ஹெடருக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும்.